சர்வருக்குச் சாவி கொடுத்தவர்

எங்கள் அலுவலகக் கடிகாரம் எப்போதும் பத்து நிமிடம் முந்தி ஓடும். பழுதினால் அல்ல, கொள்கையினால். கொள்கைக்குச் சொந்தக்காரர் எங்கள் முதலாளி கஸ்தூரிரங்கன் சார். தி.நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு மாடியில் அவர் வெகு காலம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தினார். ஒரு பேட்ச் எழுந்திருக்காமல் அடுத்த பேட்ச் உட்கார முடியாது என்பதால் சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிடம் தள்ளி வைத்தாராம். பிறகு டைப்ரைட்டர்கள் போய்க் கம்ப்யூட்டர்கள் வந்தன. அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு ஒலிப்பதிவில் சொல்வதை எங்கள் பெண்கள் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு டைப் அடித்து அனுப்பும் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் கம்பெனியாக அந்த மாடி மாறியது. கடிகாரம் மட்டும் மாறவில்லை.

அது முந்தி ஓடுவது எல்லோருக்கும் தெரியும். ஆகவே எல்லோரும் அந்தக் கடிகாரப்படி பத்து நிமிடம் தாமதமாக வருவோம். அதாவது சரியான நேரத்துக்கு வருவோம். அதைப் பார்த்து சார், "கடிகாரம் ஒழுங்கா இருந்தா ஆபீஸ் ஒழுங்கா இருக்கும்" என்று பெருமைப்படுவார். இந்தக் கணக்கில் அவரோடு வாதாடி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை.

நான் நீரஜா. அங்கே சிஸ்டம் அட்மினிஸ்டிரேட்டர். பட்டம் பெரிதே தவிர, பாதி நாள் மவுஸைத் திருப்பிப் போட்டு அதன் உருண்டையில் ஒட்டிய அழுக்கைச் சுரண்டுவதுதான் வேலை. எட்டு மாதமாகத் தற்காலிகம். இதில் எனக்கும் அப்பாவுக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஆடி முடிவதற்குள் வேலை பெர்மனன்ட் ஆகிவிட்டால் ஒரு வருஷத்துக்கு வீட்டில் கல்யாணப் பேச்சு கிடையாது. ஆகாவிட்டால் ஆவணி பிறந்ததும் ஆதம்பாக்கத்திலிருந்து பெண் பார்க்க வருவார்கள், நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு சொஜ்ஜி தட்டை எடுத்து வர வேண்டும். பையன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. போட்டோவில் நல்ல பிள்ளையாகவே இருந்தான். எனக்கு வேண்டியதெல்லாம் ஒரு வருஷம். என் சம்பளத்தில், என் இஷ்டத்தில், யாருக்கும் நமஸ்காரம் பண்ணாமல் ஒரே ஒரு வருஷம்.

சாரிடம் கேட்டபோது, "அமெரிக்காக்காரா காண்ட்ராக்ட் கையெழுத்தாகட்டும், அன்னிக்கே உன் ஆர்டர்லயும் கையெழுத்துப் போடறேன்" என்றார். அந்தக் காண்ட்ராக்டோ ஒரு விஷயத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்ததும் உலகத்தில் உள்ள கம்ப்யூட்டரெல்லாம் தேதி தெரியாமல் முழிக்கப்போகின்றன என்று ஊரே பயந்துகொண்டிருந்த காலம் அது. அந்தப் பயத்தில் அமெரிக்கக் கம்பெனி தன்னோடு தொழில் செய்யும் எல்லோருடைய கம்ப்யூட்டர் நேரத்தையும் சோதித்துக்கொண்டு வந்தது. எங்களுக்கு ஓலை வந்தது. நீங்கள் அனுப்பும் ரிப்போர்ட்டுகள், அவற்றின் மேலே உள்ள நேரப்படி, கிளம்புவதற்கு முன்பே எங்களிடம் வந்து சேர்ந்துவிடுகின்றன, இது எப்படி சாத்தியம் என்று கேட்டிருந்தார்கள். கடைசி ஆடி வெள்ளியன்று சோதனை. அன்று அனுப்பும் ரிப்போர்ட்டுகளில் நேரம் சரியாக இருக்க வேண்டும்.

தப்பு எங்கே என்று எனக்குத் தெரியும். புதிதாக வாங்கிய சர்வருக்குள்ளே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருந்தது. மேனேஜ்மென்ட் கார்டு என்பார்கள். பெரியவன் தூங்கினாலும் இவன் தூங்க மாட்டான், சூடு ஏறுகிறதா, மின்விசிறி சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பான். பெரியவன் எழுந்ததும், அப்புறம் அவ்வப்போதும், இவனிடம்தான் மணி கேட்டுக்கொள்வான். இவனுக்கென்று சர்வரின் முன்பக்கத்தில் ஒரு சின்னத் திரையும் நாலு பொத்தானும் உண்டு. இந்தக் காவல்காரனின் மணிதான் பத்து நிமிடம் முந்தி இருந்தது. நான் சாயங்காலம் சரி செய்துவிட்டு வீட்டுக்குப் போவேன். மறுநாள் காலையில் பார்த்தால் மறுபடி பத்து நிமிடம் முந்தி நிற்கும். பேட்டரி கோளாறா, பேய்க் கோளாறா என்று தெரியாமல் அதன் முன்னால் உட்கார்ந்து தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

கூட்டிப் பெருக்க வரும் சுப்பம்மாவுக்கே பொறுக்கவில்லை. "இன்னாம்மா நீ, தெனிக்கும் அந்தப் பொட்டியாண்ட குந்திக்கினு கீறே? புள்ளைக்கு ஜுரம் பாக்குற மாரி கீது" என்றாள்.

ஒருநாள் சீக்கிரமே வந்துவிட்டேன். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால், நெற்றியில் ஸ்ரீசூர்ணம் பளபளக்க சார் சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். கொடுத்து முடித்து, ஊதுவத்தி ஏற்றி, பெருமாள் படத்துக்குக் காட்டி, அதே கையோடு சர்வர் அறைக்குள் போனார். சர்வருக்கும் ஊதுவத்தியைக் காட்டினார். பிறகு குனிந்து, சுவர்க் கடிகாரத்தை எட்டிப் பார்த்துப் பார்த்து, அந்த நாலு பொத்தானையும் டொக் டொக்கென்று அழுத்தினார். டைப்ரைட்டிங் பரீட்சைக்குப் பையன்களைத் தயார் செய்த விரல்கள். ஒரு பொத்தான் கூடப் பிசகவில்லை.

நான் உள்ளே போனேன். "சார், என்ன பண்றேள்?"

"சாவி குடுக்கறேன்" என்றார், இதில் என்ன சந்தேகம் என்பதுபோல. "நீ வாங்கச் சொன்ன மெஷின் லட்சணம் எப்படி இருக்கு தெரியுமோ? தெனம் பத்து நிமிஷம் பின்னாடி போறது. நான் காலம்பற சரி பண்ணி வெக்கறேன், மறுநாள் வந்து பாத்தா திரும்பப் பத்து நிமிஷம் பின்னாடி. என் கடிகாரம் தாத்தா காலத்துது, ஒரு நாள் தப்பினதில்லே."

நான் சரி செய்ததை அவரும், அவர் சரி செய்ததை நானும் இத்தனை நாளாக மாற்றி மாற்றிச் சரி செய்துகொண்டிருந்திருக்கிறோம். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அமெரிக்கா, ரிப்போர்ட், சோதனை எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். "சரிம்மா, இனிமே தொடலை" என்றார்.

மறுநாளும் தொட்டிருந்தார். கேட்டால், "அடடா, கை பாட்டுக்குப் போயிடுத்து" என்று அந்தக் கையையே வருத்தமாகப் பார்த்தார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்? அவரை மாற்றுவதைவிட மெஷினை மாற்றுவது சுலபம் என்று முடிவு செய்தேன். ஒரு பெண் தன் முதலாளியைப் பற்றி எடுக்கக்கூடிய மிக நியாயமான முடிவு அது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

வழி இருந்தது. உலகத்தில் சில கம்ப்யூட்டர்களுக்குச் சரியான மணி சொல்வது மட்டுமே உத்தியோகம். நெட்வொர்க் வழியாக அவற்றிடம் மணி கேட்டுத் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் வசதி அந்தக் கார்டுக்கு இருந்தது. அதை முடுக்கிவிட்டால் சார் காலையில் எத்தனை பத்து நிமிடம் தள்ளினாலும், கொஞ்ச நேரத்தில் அதுவே சரியாகிவிடும். அவருக்கும் திருப்தி, அமெரிக்காவுக்கும் திருப்தி.

சோதனைக்கு முதல் நாள், வியாழக்கிழமை, அதை உட்கார்ந்து செய்தேன். மணி சொல்லும் கம்ப்யூட்டரின் முகவரியைக் கார்டுக்குக் கொடுத்தாயிற்று. எந்த ஊர் நேரம் என்று கேட்டது. பட்டியலில் ஒவ்வோர் ஊரும் கிரீன்விச்சுக்கு எத்தனை மணி முந்தி என்று இருந்தது, எல்லாம் முழு மணி. ஐந்து உண்டு, ஆறு உண்டு, நம்முடைய ஐந்தரை இல்லை. சர்வர் விற்ற கம்பெனியின் என்ஜினீயர் மதிவாணனுக்குப் போன் செய்தேன்.

"ஆமா மேடம், அதுல அரை மணி கிடையாது. ஒண்ணு கராச்சி போடுங்க, இல்லாட்டி டாக்கா போடுங்க" என்றார்.

"நாங்க இருக்கறது தி.நகர்ல சார்."

"புரியுது மேடம். மேல சொல்லியிருக்கோம். அடுத்த வெர்ஷன்ல நம்ம நாடு வந்துரும்."

நூறு கோடிப் பேர் இருக்கிற நாடு அடுத்த வெர்ஷன் வரும்வரை காத்திருக்க வேண்டுமாம். எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டு ஒரு காபி குடித்தேன். குடித்ததும் புத்தி வந்தது. கார்டு கிரீன்விச் நேரத்திலேயே இருந்துவிட்டுப் போகட்டும். அதோடு ஐந்தரை மணியைக் கூட்டி நம் நேரமாக எடுத்துக்கொள்ளச் சர்வருக்குச் சொல்லிவிடலாம். அப்படியே செய்தேன். சோதித்துப் பார்க்க, சார் செய்வதுபோலவே நானே பத்து நிமிடம் தள்ளி வைத்தேன். சற்று நேரத்தில் நல்ல பிள்ளையாகத் தானே சரியாகிவிட்டது. அந்தச் சின்னத் திரையைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம், சொஜ்ஜிக்கு ரவை வாங்கியிருந்தால் உப்புமா பண்ணிவிடு என்றேன்.

ஒன்றே ஒன்றை நான் யோசிக்கவில்லை. கார்டு கிரீன்விச்சுக்குப் போய்விட்டதால், நம் ஊரில் காலை ஒன்பது மணி என்றால் அந்தத் திரையில் மூன்றரை என்று காட்டும்.

கடைசி ஆடி வெள்ளி என்று அம்மா என்னைக் கோயிலுக்குப் போகாமல் விடவில்லை. அசோக் நகரிலிருந்து கிளம்பி, துரைசாமி சுரங்கப்பாதையில் மாட்டி, ஆடித் தள்ளுபடிக்காக ஊர் முழுக்கத் திரண்டிருந்த உஸ்மான் சாலைக் கூட்டத்தில் ஆட்டோ நகராமல், கடைசியில் இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தேன். மாடியேறும்போதே சார் படிக்கட்டில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"நீரஜா, பெரிய ஆபத்து தப்பித்து" என்றார் முகமெல்லாம் மலர்ந்து. "உன் மெஷின் நேத்து ராத்திரி நின்னே போயிருக்கு. காலம்பற பாத்தா மூணரைன்னு காட்டறது! உனக்கு வாக்குக் குடுத்தேன், வாஸ்தவம். ஆனா இன்னிக்கு டெஸ்ட் இல்லையோ? அப்படியே விடலாமா? நானே சாவி குடுத்து ஒன்பது பத்து வெச்சுட்டேன்."

நான் அவரைத் தாண்டிக்கொண்டு ஓடினேன். சர்வர் தன் கடமையைச் செய்திருந்தது. அந்த ஒன்பது பத்தோடு ஐந்தரை மணியைக் கூட்டி, மத்தியானம் இரண்டே முக்காலை நெருங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தது. காலையில் முதல் பேட்ச் ரிப்போர்ட்டுகள் மத்தியான முத்திரையோடு அமெரிக்காவுக்குப் போய்விட்டன. தானே சரியாகிவிடும் என்று நம்பினேனே, அது ஏன் ஆகவில்லை என்று பார்த்தேன். கார்டுக்கும் ஒரு மானம் இருக்கிறது. பத்து நிமிட வித்தியாசம் என்றால் வாயை மூடிக்கொண்டு திருத்திக்கொள்ளும். ஐந்து மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் என்றதும், ஒன்று வெளியே சொல்கிறவன் பொய் சொல்கிறான், இல்லை எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது, இரண்டில் எதுவானாலும் நான் தலையிட மாட்டேன் என்று முயற்சியையே நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய் நான் பிடித்த குரங்கு அதுதான்.

கையால் நேரத்தைத் திருத்தினேன். நெட்வொர்க் மணியை மறுபடி முடுக்கிவிட்டேன். பின்னால் சார் வந்து நின்று, "இப்ப சரியாயிடுத்தோ?" என்றார்.

அவ்வளவுதான். எட்டு மாதமாக விழுங்கியதெல்லாம் வெளியே வந்துவிட்டது. "எது சார் சரியாகும்? காலையில போன பேட்ச் திரும்பி வருமா? அவா வேண்டாம்னு சொல்லிட்டா காண்ட்ராக்ட் போச்சு, என் வேலை போச்சு. ஆவணி பொறந்தா ஆத்துல என்னை ஆதம்பாக்கத்துக்காரா முன்னாடி உட்கார வெச்சுடுவா. ஒரு வருஷம் கேட்டேன் சார் எங்கப்பாகிட்ட, ஒரே ஒரு வருஷம்! உங்க பத்து நிமிஷத்துல அது போயிடுத்து!"

ஹெட்ஃபோன் மாட்டியிருந்தவர்கள் கூடத் திரும்பிப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் சாருலதா எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். சர்வரின் முன்னால் எரிந்துகொண்டிருந்த ஊதுவத்தியை எடுத்துக்கொண்டு சார் தன் அறைக்குப் போனார். முதலாளியிடம் இப்படிக் கத்திவிட்டோமே என்று பயமாகவும் இருந்தது, இன்னும் கொஞ்சம் கத்தியிருக்கலாம் என்றும் இருந்தது.

சாயங்காலம் அமெரிக்காவில் விடிந்ததும் போன் வந்தது. சார் அறையில் ஸ்பீக்கரைப் போட்டு அவரும் நானும் சாருலதாவும் உட்கார்ந்திருந்தோம். அந்தப் பக்கம் ஓர் அம்மாள். குரலில் கோபமில்லை. மற்ற பேட்ச்சுகள் எல்லாம் நொடி பிசகாமல் இருக்கின்றன, முதல் பேட்ச் மட்டும் நாங்கள் இன்னும் வாழாத நேரத்திலிருந்து வந்திருக்கிறது, உங்கள் கம்ப்யூட்டர்களுக்கு யார் பொறுப்பு என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். நான்தான் பொறுப்பு. கார்டைக் கிரீன்விச்சில் போட்டதும் நான், அதை அவரிடம் சொல்லாமல் விட்டதும் நான். வாயைத் திறந்தேன். சார் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

பிறகு ஆங்கிலத்தில், டிக்டேஷன் கொடுப்பதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி அவர் சொன்னது இது: "மெஷினைச் சரியா வெச்சது எங்க இன்ஜினீயர். அதைக் கெடுத்தது நான். தொட வேண்டாம்னு அந்தப் பொண்ணு சொன்னா, தொட மாட்டேன்னு நானும் ஒத்துண்டேன். காலம்பற எழுந்தா கடிகாரத்துக்குச் சாவி குடுக்கறது என் பழக்கம். உங்க ரிப்போர்ட் இருந்த மெஷினுக்கும் சேர்த்துக் குடுத்துட்டேன். மத்தியானம் வரைக்கும் நேரத்தை ஓட்டினது இந்தக் கைதான். எங்க பொண்கள் யார் வேலையிலும் தப்பு இல்லை."

கதவு திறந்தே இருந்தது. அவருடைய கடிகாரத்துக்குப் பயந்து வருவதுபோல் வந்துகொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். அந்த அம்மாள், சாவி என்றால் நிஜமான சாவியா என்று கேட்டார். நிஜமான சாவிதான், பித்தளை என்றார் சார். அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு கேட்டது. ஆனால் சிரிப்பு கையெழுத்தாகிவிடுமா? கமிட்டியில் வைக்கிறேன், அடுத்த வியாழக்கிழமை முடிவு சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டார்.

அடுத்த வியாழக்கிழமை என்றால் ஆவணி பிறந்துவிடும். எனக்கு அழுகை முட்டியது. இருந்தாலும் காலையில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று, "சார், காலையில நான்..." என்று ஆரம்பித்தேன்.

அவர் கேட்கவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து என் ஆர்டரை எடுத்தார். டைப் அடித்து எப்போதோ தயாராக இருந்திருக்கிறது. பேனாவைத் திறந்தார்.

"காண்ட்ராக்ட் இன்னும் வரலையே சார்" என்றேன்.

"வரலை. வருமோ வராதோ, அது பெருமாள் சித்தம்."

சாருலதா மெல்ல, "ஆடி மாசத்துல புதுசா எதையும் ஆரம்பிக்க வேண்டாம்னு நீங்கதானே சார் சொல்வேள்?" என்றாள். அவளுக்குச் சமய சந்தர்ப்பமே கிடையாது.

"ஆரம்பமா இது? அவ வந்து எட்டு மாசமாறது" என்று கையெழுத்துப் போட்டார். பிறகு காகிதத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "தப்பு என்னுது. அதுக்கு உன்னோட வருஷம் எதுக்குப் போகணும்?"

நான் அழுதேன். சாருலதாவும் அழுதாள், அவள் ஏன் அழுதாள் என்று எனக்குத் தெரியாது. மனிதருக்கு யாராவது அழுதால் என்ன செய்வதென்று தெரியவில்லை. "போங்கோ போங்கோ, பஸ் போயிடப் போறது" என்று எங்களை விரட்டினார்.

வீட்டில் அப்பா ஆர்டரை விளக்கடியில் பிடித்துப் படித்தார். அந்தக் காலத்து அரசாங்க குமாஸ்தா, முத்திரையைக் கூடத் தடவிப் பார்த்தார். "காண்ட்ராக்ட் வந்துடுத்தா?" என்றார். பொய் சொல்லத் தோன்றவில்லை. காலையில் நடந்தது, நான் கத்தியது, போனில் சார் பேசியது எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அடுத்த மாசம் அந்தக் கம்பெனியே இருக்குமா என்பது தெரியாது என்பதையும் சொன்னேன்.

அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. "ஏன்னா, அப்போ இது செல்லாது! நிலையில்லாத உத்தியோகத்துக்கு எதுக்கு வார்த்தை? அந்தப் பையன் நன்னா இருக்கான். வரச் சொல்லிடுவோம்" என்றாள்.

அப்பா காகிதத்தை நாலாக மடித்து என்னிடம் கொடுத்தார். "தன் கம்பெனி நிக்குமான்னே தெரியாம ஒரு மனுஷன் இதுல கையெழுத்துப் போட்டிருக்கான். பெத்தவன் நான், சொன்ன வார்த்தையிலேர்ந்து எப்படிடி நழுவறது?" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனை எடுத்தார்.

ஆதம்பாக்கத்தில் யாரோ எடுத்தார்கள். அப்பா சௌக்கியம் விசாரித்தார், மழை பற்றிப் பேசினார், தொண்டையைச் செருமினார். பிறகு, "குழந்தைக்கு வேலை பெர்மனன்ட் ஆயிடுத்து. அவ ஒரு வருஷம் கேட்டிருந்தா, குடுத்துட்டேன்" என்றார்.